கண்ணாடிக்குள் ஒரு பொறி

தேவதானப்பட்டியில் மஞ்சளாறு அணைப் பக்கம் போய் நின்று, உள்ளங்கையை வானம் பார்க்க விரித்துப் பிடியுங்கள். நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் அதை ஊடுருவிக்கொண்டு போகும். காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதும்போது பிறக்கும் துகள் அது. உறைக்காது, வலிக்காது. அதைப் பிடித்துக் காட்டும் கருவி மதுரையில் இருக்கிறது. 11 இரும்பு அடுக்குகள், 85 டன் எடை. அந்த இரும்புக்கு இடையில் வேலை பார்ப்பது, ஜன்னலுக்குப் போடுகிற அதே ரகக் கண்ணாடி.

3 மி.மீ. கனமுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் 2 மி.மீ. இடைவெளி. அதற்குள் வாயு ஓடிக்கொண்டே இருக்கும். அதில் 95 சதவீதம் ஃபிரிட்ஜிலும் கார் ஏசியிலும் அடைக்கிற ஆர்-134ஏ. வெளிப்பக்கம் கிராஃபைட் பூசி, சுமார் 10,000 வோல்ட் கொடுக்கிறார்கள். மியூவான் நுழைந்ததும் வாயுவிலிருந்து சில எலெக்ட்ரான்கள் கழன்று ஓடும். ஓடுகிற வழியில் இன்னும் பலவற்றைக் கழற்றிவிடும். அந்தப் பெருக்கம்தான் நமக்குச் செய்தி. வெறும் உலோகத் தகடென்றால், வைக்கோல் போரில் பொறி விழுந்த கதையாக மொத்த மின்னூட்டமும் அங்கே பாய்ந்துவிடும். கண்ணாடி மின்சாரத்தை லேசில் விடாது. பொறி விழுந்த சிறு இடம் மட்டும் சற்று நேரம் ஓய்ந்து கிடக்கும், மிச்சத் தகடு அடுத்த துகளுக்குத் தயாராக இருக்கும்.

இரண்டு தகடுகளும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, நடுவே சின்னப் பிளாஸ்டிக் பொத்தான்களைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். ஒரு பொத்தான் பிடி விட்டால் போதும், கண்ணாடி அங்கே உப்பும், இடைவெளி கூடும், அந்த இடம் துகளைத் தவறவிடும். அதனால் வாயுவை லேசான அழுத்தத்தில் அடைத்து, பொத்தான் ஏதும் பிடி விடுகிறதா, எங்காவது கசிகிறதா என்று முதலில் பார்க்கிறார்கள்.

அடுத்த சோதனையை நடத்துவது வானம். ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்தில் இத்தகைய கருவிகளைச் சோதிக்க முடுக்கியிலிருந்து துகள் கற்றையைப் பாய்ச்சுவார்கள். மதுரையில் மியூவான்கள் காசில்லாமல் வந்து இறங்குகின்றன. பத்து அடுக்குக் கண்ணாடியில் ஒன்பது அடுக்குகள் துகள் போன பாதையைச் சொல்லிவிடும். பத்தாவது அதைப் பார்த்ததா, தவறவிட்டதா? இப்படி ஒவ்வோர் அடுக்கையும் மற்றவற்றைச் சாட்சியாக வைத்து விசாரிக்கிறார்கள். இத்தனை எளிமையான, நேர்மையான சோதனையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போடி அருகே பொட்டிபுரத்தில், நியூட்ரினோ என்னும் துகளைத் தேடத் திட்டமிட்ட 50,000 டன் கருவிக்கு மதுரைக் கருவிதான் முன்மாதிரி. அங்கே நியூட்ரினோவைத் தேடும்போது இதே மியூவான்கள் தொந்தரவு. அவற்றைத் தடுக்கத்தான் அம்பரப்பர் மலையைத் தேடிப் போனார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பிறகு எதிர்ப்பும் வழக்குகளும் வந்தன. மலையையும் தண்ணீரையும் பற்றி ஊரார் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு அரசு பதில் சொல்லியே ஆகவேண்டும். நியூட்ரினோவைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். நொடிதோறும் பல லட்சம் கோடி நியூட்ரினோக்கள் நம் உடலைக் கடந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

தேனி மாவட்டத்து அறிவியல் ஆசிரியர்களே, அனுமதி கேட்டு உங்கள் பிள்ளைகளை ஒருமுறை மதுரைக்கு அழைத்துப் போங்கள். அந்தக் கண்ணாடியை அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.