டீபாட்டுக்குள் ஓர் இழுபறி

பெங்களூரு ஓசூர் சாலையில் அடுகோடி என்றால் பழைய ஆட்களுக்கு மைக்கோதான் நினைவுக்கு வரும். 1951இல் தொடங்கி, இன்று பாஷ் என்ற பெயரில் இருக்கும் அந்த நிறுவனம் ஸ்பார்க் பிளக்குக்கும் டீசல் பம்புக்கும் பேர்போனது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்து ஒரு பீங்கான். அலுமினாப் பொடியை அழுத்தி, ஏறக்குறைய 1,600 டிகிரியில் சுட்டு, ஈரமும் அழுக்கும் படிந்து மின்சாரம் வெளிப்பக்கமாகத் தாவிவிடாமல் இருக்க மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு கொடுக்கிறார்கள். அதை அழகு பார்த்து யாரும் வாங்குவதில்லை, வேலை செய்யுமா என்றுதான் பார்க்கிறோம். அதே நகரத்தில் ஸ்டுடியோ குயவர்கள் கையால் வனைந்து விற்கும் டீபாட்டை மட்டும் நிறத்தையும் ‘கைவேலை’ என்ற ஒட்டுச்சீட்டையும் பார்த்து வாங்குகிறோம். இது தவறான அளவுகோல். ஒரு டீபாட் கேட்கும் விலைக்குத் தகுமா என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் மண்ணும் மேற்பூச்சும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான்.

கிளேஸ் என்று குயவர்கள் சொல்லும் மேற்பூச்சு பெயிண்ட் அல்ல, கண்ணாடி. கண்ணாடிக்கு மூலமான சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூடு ஸ்டுடியோ சூளைக்கு எட்டாது. அதனால் ஃபெல்ட்ஸ்பார், சுண்ணாம்பு போன்றவற்றைச் சேர்த்து உருகுநிலையை 1,200, 1,300 டிகிரிக்கு இறக்குகிறார்கள். உருகியது வழிந்து அடுக்குத்தட்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, பாகைக் கெட்டியாக்கும் அலுமினாவைக் களிமண் வழியாகச் சேர்க்கிறார்கள். உருகும்வரை பெரிய தகராறு இல்லை. சூளை ஆறும்போதுதான் வருகிறது. சுமார் 600 டிகிரிக்குக் கீழே வந்ததும் கிளேஸ் இறுகிவிடும். அதன் பிறகு மண்ணும் கண்ணாடியும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே, ஆனால் தத்தம் அளவில் சுருங்குகின்றன. மண் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 6 பங்கும் கிளேஸ் 8 பங்கும் சுருங்குவதாக வைத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள டீபாட்டில் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளி விழும். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்காது. சட்டை சிறுத்துப்போனால் தையல் விடுவதுபோல, அதிகம் சுருங்கிய கிளேஸ் வலைவலையாய் வெடிக்கிறது. மாறாக, கிளேஸ் மண்ணைவிடக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கினால் லேசான அழுத்தத்தில் இருக்கும், பாத்திரத்துக்கே பலம் கூடும். அளவுக்கு மீறிக் குறைந்தாலோ விளிம்புகளில் செதிள் செதிளாகப் பெயர்ந்து வரும்.

பூஜாடியில் இந்த இழுபறி நடந்தால் பெரிய நஷ்டமில்லை. டீபாட்டின் கதை வேறு. கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கும் பெங்களூருவில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. அதை ஊற்றிய கணத்தில் உட்சுவர் விரியப் பார்க்கும், வெளிச்சுவரோ இன்னும் அறைச்சூட்டில் இருக்கும். பிறகு ஆறும், மறுபடி சூடேறும், ஒரு நாளில் மூன்று நான்கு தடவை, வருடக்கணக்கில். மண் சரியாக வேகாமல் துளைகளோடு இருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும். அது ஈரத்தைக் குடித்து மெல்லப் பருக்கிறது, மேலிருக்கும் கண்ணாடியை இழுக்கிறது. சூளையிலிருந்து பழுதில்லாமல் வந்த பாத்திரம் பல மாதம் கழித்து ‘டிங்’ என்று சன்னமாகச் சத்தமிட்டு மயிரிழை விரிசல் காட்டுவதற்கு இது ஒரு காரணம்.

அந்த வலைப்பின்னல் அழகுதானே, சீனத்தில் சோங் அரச காலக் குயவர்கள் வேண்டுமென்றே அதை வரவழைத்தார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நன்றாக வெந்து இறுகிய மண்ணின்மேல் அது பெரும்பாலும் அலங்காரமாகவே நின்றுவிடும், பலம் ஓரளவு குறையும் என்பதோடு சரி. நீர் உறிஞ்சும் மண்ணின்மேல் என்றால் விரிசல் வழியே டீச்சாயமும் பாலும் உள்ளே இறங்கும், எவ்வளவு தேய்த்தாலும் வெளியே வராது. ஆகவே விரிசலைவிட அதற்கடியில் இருக்கும் மண் எவ்வளவு வெந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியே இதற்குச் சாட்சி. உப்பும் புளிப்பும் எண்ணெயும் வருடம் முழுக்க ஊறியும் அது கசியாமல் நிற்பது, உயர்சூட்டில் இறுகிய ஸ்டோன்வேர் என்பதால்.

உயர்சூட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. குறைந்த சூட்டில் பளபளப்பு வேண்டுமானால் ஈயம் மலிவான குறுக்குவழி, மண்பாண்ட வரலாறு முழுக்க அது இருக்கிறது. 1,250 டிகிரியில் ஃபெல்ட்ஸ்பாரே உருகிவிடுவதால் ஈயத்துக்குத் தேவையே இல்லை. அதற்காக உயர்சூட்டுக் கிளேஸ் எல்லாமே பத்திரம் என்றாகிவிடாது. நிறத்துக்காக உலோக ஆக்சைடுகளை வாரிப் போட்டால் அவையும் கசியலாம். 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் அளப்பது சர்வதேசத் தரச் சோதனை. எலுமிச்சை டீ குடிப்பவர்கள் இதை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்க வேண்டாம்.

இனி மூக்கு. ஊற்றி நிறுத்தும்போது டீ மூக்கின் அடிப்பக்கமாக வழிந்து மேசைத்துணியைக் கறையாக்குவதற்கு ‘டீபாட் விளைவு’ என்று 1956இல் பெயரிட்டவர் மார்க்கஸ் ரெய்னர். மறுவருடம் கணிதவியலாளர் ஜோசப் கெல்லர் அதற்கு விளக்கம் தந்தார். மேற்பரப்பு தண்ணீரை எவ்வளவு விரும்புகிறது என்பதும் இதில் பங்கு வகிப்பதை 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிளேஸ் தண்ணீரை ஒட்டவிடும் கண்ணாடி என்பதால் குயவர் கையில் மிஞ்சுவது உதட்டின் கூர்மைதான். கிளேஸ் தடிமனாகப் படிந்தால் அந்த உதடும் மழுங்கிவிடும். சக்கரத்தில் வனைந்த மூக்கு சூளையில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும் என்பதால், தேர்ந்த குயவர் நுனியைக் கோணலாகவே அறுத்து ஒட்டுகிறார், வெந்தபின் நேராகிறது. மூடியைப் பாத்திரத்தின் மேலேயே வைத்துச் சுடுகிறார், இரண்டும் சேர்ந்து சுருங்கட்டும் என்று. தொடும் இடத்தில் கிளேஸைத் துடைத்துவிடுகிறார், இல்லையென்றால் மூடி நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். வடிகட்டித் துளைகளை ஊதி, அடைத்திருக்கும் கிளேஸை அகற்றுகிறார். இதில் எது தவறினாலும் அந்த டீபாட் பூந்தொட்டிதான்.

இவ்வளவையும் தொழிற்சாலை சில நூறு ரூபாயில் செய்கிறதே என்பது வலுவான ஆட்சேபம். பூச்சுப் பொருத்தத்தில் நல்ல தொழிற்சாலைப் பீங்கான், சராசரி ஸ்டுடியோ பாத்திரத்தைவிட நம்பகமானது. மறைக்க என்ன இருக்கிறது? அங்கே ஒரே மண், ஒரே கிளேஸ், லட்சக்கணக்கில் அதே அளவு. ஸ்டுடியோ குயவர் அந்தப் போட்டியில் இறங்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, உயர்சூட்டு ஸ்டோன்வேரை ஒரு பயிற்சி முறையாகவே வளர்த்து, இந்தியா முழுக்கப் பல குயவர்களை உருவாக்கியது. அந்த மரபின் மதிப்பு, தன் மண்ணையும் சூளையையும் தானே அறிந்து அதற்கேற்ற கிளேஸைத் தானே கூட்டிக்கொள்வதில் இருக்கிறது. கடையில் தயார்க் கிளேஸும் இன்னொரு கடையில் மண்ணும் வாங்கிச் சேர்த்து, சோதிக்காமல் விற்பவருக்கு அந்த மதிப்பைக் கேட்க உரிமை இல்லை. கை அவருடையதுதான், பொருத்தம் அதிர்ஷ்டத்தின் கையில்.

உயர்சூடு எரிபொருளைத் தின்கிறது என்பதும் உண்மை. ஆனால் சுட்ட மண் திரும்பக் களிமண்ணாகாது. குறைந்த சூட்டில் சுட்டு ஒரு வருடத்தில் குப்பைக்குப் போகும் பாத்திரத்துக்குச் செலவான எரிபொருளும் வீண்தான். நம் ஊரில் டீ என்றால் பாலோடு அடுப்பில் கொதிக்கவைப்பது, இது எதற்கு என்பவர்களுக்கும் பதில் உண்டு: நீலகிரி இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பவர்களுக்குத்தான் இது. எக்காரணம் கொண்டும் இதை அடுப்பில் ஏற்றக் கூடாது. தீ படும் இடம் மட்டும் சட்டென்று விரிந்து அடிப்பாகம் பிளந்துவிடும். வாங்கும்போது எத்தனை டிகிரியில் சுட்டது, எத்தனை சதவீதம் நீர் குடிக்கிறது, அமிலச் சோதனை ஆனதா என்று கேளுங்கள். நீர் விஷயத்தை வீட்டிலும் ஓரளவு பார்க்கலாம்: காய்ந்த பாத்திரத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்து, நன்றாகத் துடைத்து மறுபடி நிறுங்கள். 500 கிராம் டீபாட் 10, 15 கிராம் கூடினால் கவலையில்லை. 50 கிராம் கூடினால் விலையைப் பற்றிக் குயவரிடம் மறுபடி பேசலாம்.