வசந்தம் இல்லாத ஊரில் ஒரு வசந்த இரவு

மஸ்ஜித் இந்தியாவில் வருடம் முழுவதும் வெயில், இல்லையென்றால் மழை. இலையுதிர் காலமும் இல்லை, பனி உருகும் காலமும் இல்லை. அப்படியிருக்க இங்குள்ள இளைஞர்களுக்கு ஏது வசந்த விழா?

இருக்கிறது! சீனப் புத்தாண்டுக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயரே வசந்த விழாதான். அதன் பதினைந்தாம் இரவு சாப் கோ மே. ஹொக்கியன் மொழியில் அதன் பொருளும் பதினைந்தாம் இரவுதான். புத்தாண்டின் முதல் பௌர்ணமி அன்றுதான் வரும்.

மஸ்ஜித் ஜாமேக் நிலையத்தில் எல்.ஆர்.டி. ஏறித் தாமான் ஜெயாவில் இறங்கினால் பக்கத்திலேயே ஏரி. சாப் கோ மே இரவில் இளம்பெண்கள் ஆரஞ்சுப் பழத்தில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதித் தண்ணீரில் வீசிய இடம் அது. நல்ல கணவன் அமைய வேண்டும் என்பது வேண்டுதல். கரையில் நிற்கும் இளைஞர்கள் வலை போட்டு அந்தப் பழங்களை அள்ளுவார்கள். ஏன் ஆரஞ்சு? கெண்டனிஸ் மொழியில் அந்தப் பழத்துக்கும் தங்கத்துக்கும் உச்சரிப்பு ஒன்றே.

"இதெல்லாம் ஊர் சுற்ற ஒரு சாக்கு" என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இந்த வழக்கத்தின் வேரைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் பினாங்கு நியோன்யா குடும்பங்களில் கன்னிப் பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதே அபூர்வம். அலங்கரித்துக்கொண்டு, பெரியவர்கள் துணையோடு கடற்கரைக்கு வர அவர்களுக்குக் கிடைத்த இரவு இது.

நமக்கும் இது புதிதல்ல. புகார் நகரத்து இந்திர விழாவைச் சிலப்பதிகாரம் விரிவாகச் சொல்கிறது. விழா முடிவில் கோவலனும் மாதவியும் போனது கடற்கரைக்குத்தான். பொங்கலின் நான்காம் நாளான காணும் பொங்கலைக் கன்னிப் பொங்கல் என்றும் சொல்கிறோம். அதுவும் பெண்பிள்ளைகள் வெளியே வரும் நாள். 2025-இல் பிப்ரவரி 11 தைப்பூசம், மறுநாளே சாப் கோ மே. ஒரே நிலவின் கீழ் இரண்டு இனத்துப் பிள்ளைகளும் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள்.

இன்று அறிமுகம் கைப்பேசியில், கதவைச் சாத்திய அறைக்குள் நடக்கிறது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஏரிக்கரையிலோ எல்லாம் ஊரறிய நடக்கிறது. பிள்ளைகள் சந்திக்கவே கூடாது என்று அன்றைய பெரியவர்கள் நினைக்கவில்லை. வெளிச்சத்தில், பலர் பார்க்கச் சந்திக்கட்டும் என்றே நினைத்தார்கள்.

பிள்ளைகள் திருவிழாவுக்குப் போகிறேன் என்றால் தடுக்க வேண்டாம். முடிந்தால் கூடவே போய் வாருங்கள்!