வேலி போடாத விவசாயிகள்

மண்ணுக்கடியில் லண்டன் – 9

ஹீத்ரோ விமான நிலையத்தின் 5-ஆம் முனையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்ற அனுபவம் வாசகர்கள் பலருக்கும் இருக்கும். 2008-இல் அந்த முனையம் திறக்கப்படுவதற்கு முன், அங்கே பெர்ரி ஓக்ஸ் என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. கட்டுமானம் தொடங்கும் முன் தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். கல் சில்லு, பானை ஓடு என்று 80,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. ஆனால் அந்த அகழாய்வின் பெரிய செய்தியைச் சொன்னவை பொருட்கள் அல்ல, பள்ளங்கள்.

முதலில் ஒரு ஜோடிப் பள்ளம். சுமார் 20 மீட்டர் இடைவெளி விட்டு, மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலாக இணையாக ஓடுகிறது. வெட்டிய மண்ணை நடுவில் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். அந்த மேட்டின் மீது ஊர்வலமாக நடந்துபோயிருப்பார்கள் என்பது தோண்டியவர்களின் கணிப்பு. ஸ்டான்வெல் கர்சஸ் என்று இதற்குப் பெயர். காலம் கி.மு. 3600-க்கும் 3300-க்கும் இடையில். இரும்பும் செம்பும் அறியாத பிரிட்டனில் மான் கொம்புதான் கடப்பாரை. ஒரு குடும்பமோ இரண்டு குடும்பமோ செய்துவிடக்கூடிய வேலை இல்லை இது. பல குடியிருப்புகளின் ஆட்கள் கூடி உழைத்திருக்க வேண்டும். அவர்களை ஏவிய அரசன் ஒருவன் இருந்தான் என்று சொல்ல, மாளிகையோ பெருங்கல்லறையோ அந்தக் காலத்து மண்ணில் அங்கே இல்லை.

இன்னொன்றும் இல்லை. கோதுமையும் மாடும் பிரிட்டனுக்கு வந்தது ஏறக்குறைய கி.மு. 4000-இல். கர்சஸை எழுப்பியவர்கள் விவசாயிகளின் வழிவந்தவர்கள். ஆனாலும் அவர்கள் காலத்து வரப்போ வேலியோ அங்கே கண்ணில் படவில்லை. நிலம் பங்கு பிரிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. கி.மு. 2000-க்குப் பிறகுதான் காட்சி மாறுகிறது. வரப்பு, உயிர்வேலி, எல்லைப் பள்ளம், நடுவே மாடு ஓட்டிப்போக ஒரு பாதை. நீருக்காகத் தோண்டிய குழிகளும் பெருகுகின்றன. இறங்கித் தண்ணீர் மொள்வதற்குப் படி செதுக்கிய மரத்தடியும், மரக் கிண்ணம் ஒன்றும் அந்தக் குழிகளின் சேற்றில் அழுகாமல் கிடைத்தன. யார் நிலம் எது என்று தரையில் கோடு போட்டாகிவிட்டது. விதைப்புக்கும் வேலிக்கும் நடுவே சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள்!

‘உழவு வந்தது, உபரி வந்தது, உடனே மேல் கீழ் வந்தது’ என்று பள்ளிப் பாடத்திலிருந்து மேடைப் பேச்சு வரை கேட்டிருக்கிறோம். ‘புதிய கற்காலப் புரட்சி’ என்ற கருத்தை உலகுக்குத் தந்த கார்டன் சைல்ட், 1946 முதல் 1956 வரை லண்டன் பல்கலைக்கழகத் தொல்லியல் நிறுவனத்தின் இயக்குநர். அவரேகூட வர்க்கப் பிரிவினையைப் பிற்பாடு வந்த நகரங்களோடுதான் சேர்த்துப் பார்த்தார். அதே லண்டனில் பணியாற்றிய டேவிட் கிரேபரும் டேவிட் வெங்ரோவும் சேர்ந்து எழுதி 2021-இல் வெளிவந்த தடித்த நூலில், விவசாயம் என்றாலே ஏற்றத்தாழ்வு என்ற ஒற்றைவழிக் கதையை மறுத்தார்கள். அந்த மறுப்புக்கு ஹீத்ரோ நல்ல சாட்சி என்பேன்.

அதற்காக அது பொற்காலம் என்றும் நான் சொல்லவில்லை. லண்டனுக்கு மேற்கே, குளோஸ்டர்ஷயரில் ஹேசல்டன் நார்த் என்ற கல் சமாதி. கி.மு. 3700-ஐ ஒட்டியது. அதிலிருந்த 35 பேரின் மரபணுவைப் படித்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். 27 பேர் ஒரே குடும்பம், ஐந்து தலைமுறை. ஒரே ஆண், நான்கு பெண்கள் வழியாக வந்த சந்ததி. மகன்களும் பேரன்களும் அங்கே கிடக்கிறார்கள். சிறு வயதில் இறந்த பெண் குழந்தைகளும் உண்டு. வளர்ந்த மகள்கள் மட்டும் இல்லை; கட்டிக்கொடுத்த இடத்தில் அடக்கமாகியிருப்பார்கள் போலும். அதேசமயம், எந்த அறையில் யாரை வைப்பது என்பதைத் தாய்வழி தீர்மானித்திருக்கிறது. முன்கணவனுக்குப் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு கோடு இருந்தது, ஆனால் அது நம்முடைய கோடு அல்ல.

நம் பக்கம் வருவோம். லண்டனின் கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்விப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ரேமண்ட் ஆல்சின், 1957-இல் இன்றைய தெலங்கானாவின் உட்னூரில் ஒரு சாம்பல் மேட்டைத் தோண்டினார். எரிமலைச் சாம்பல், ராட்சசன் எரிந்த சாம்பல் என்றெல்லாம் பேசப்பட்டவை அந்த மேடுகள். தோண்டியபோது மாட்டுத்தொழுவின் வேலிக்கால் குழிகளும், இறுகிய மண்ணில் மாட்டுக் குளம்படித் தடங்களும் வெளிப்பட்டன. எல்லாம் எரிந்த சாணம்! கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தது.

இதைப் படிக்கும் எந்த விவசாயிக்கும் ஒரு கேள்வி எழும். கிடை போட்டுக் கிடைத்த சாணத்தை வயலுக்கு அள்ளாமல், தலைமுறை தலைமுறையாகக் குவித்துக் கொளுத்துவார்களா? கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியமும் பயிரிட்டவர்கள்தான் தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள். கருகிய விதைகளை ஆராய்ந்து லண்டனிலிருந்து டோரியன் ஃபுல்லர் விரிவாகக் காட்டியிருக்கிறார். என் கருத்து இது: தனித்தனி வயலுக்குப் போயிருக்கக்கூடிய வளத்தை ஊர்ப் பொதுவில் கொட்டினார்கள். ஸ்டான்வெல்லில் உழைப்பு அப்படிக் கொட்டப்பட்டது, இங்கே சாணம்.

ஹீத்ரோவில் ஒவ்வொரு பள்ளத்தையும் அளந்து பதிவு செய்த பிறகுதான் கான்கிரீட் ஊற்றினார்கள். நம்முடைய சாம்பல் மேடுகள் பலவற்றை உரத்துக்கு அள்ளிவிட்டோம். பல்லாரி அருகே சங்கனகல்லு, குப்கல் குன்றுகளைக் கல் குவாரி தின்றிருக்கிறது. ஹம்பிக்குப் போகும் வாசகர்கள் அப்படியே பல்லாரிக்கும் போய்வாருங்கள். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடி ராபர்ட் புரூஸ் ஃபுட் பெயரில் அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் குன்றுகளைக் காக்கச் சொல்லி தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.