ஒரே போர்டு, 6 விளம்பரம்! பங்கு பிரிப்பது எப்படி?

கம்மாபுரம் கடைவீதியில் ஒரு பெரிய டிஜிட்டல் போர்டு வைத்தால், ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை மூன்றும் பங்கு போட்டுக்கொள்ள முடியுமா? சண்டை வராதா?

முடியும். லண்டன் பிக்காடில்லி சர்க்கஸில் நடக்கிறது! அங்கே தனித்தனியாக இருந்த போர்டுகளை 2017 ஜனவரியில் அணைத்தார்கள். அக்டோபரில் ஒரே ராட்சதத் திரை எரிந்தது. அதற்குள் 6 பங்கு!

சங்கதி இதுதான். திரை என்பது சின்னச் சின்ன எல்.இ.டி. பலகைகளின் கோர்ப்பு. எங்கே எந்தப் படம் என்று உத்தரவு போடுவது கன்ட்ரோலர் பெட்டி. அதில் பாகம் பிரித்து ஆளுக்கொரு பிளேயர் கொடுத்துவிட்டால், ஜவுளிக்கடைக்காரர் படம் மாற்றினாலும் நகைக்கடை விளம்பரம் அசையாது.

ஆனால் பெட்டி ஒன்றுதான் என்றால், அது படுத்தால் மூன்று பேருக்கும் இருட்டு! பெட்டி யார் கையில் என்பதை முதலிலேயே பேசிக்கணும். 2022 செப்டம்பரில் ராணி எலிசபெத் மறைந்தபோது, பிக்காடில்லியில் விளம்பரங்கள் எல்லாம் ஒதுங்கின. திரையில் ராணி படம் மட்டும்.