உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நிறம்?

செய்தித்தாளின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் இடையில், பொடி எழுத்தில் ஒரு பொது அறிவிப்பு அவ்வப்போது வரும். வட்டம், கிராமம், உட்பிரிவோடு சர்வே எண், பரப்பு. கீழே நீளமாக ஒரே வாக்கியம்: மேற்படி நிலத்தை விவசாயப் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக மாற்றக் கோரி விண்ணப்பம் வந்துள்ளது, ஆட்சேபணை உள்ளவர்கள் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். பெரும்பாலும் நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். பிறகு ஒருநாள் அதே இடத்தில் பொக்லைன் இறங்கி, வாய்க்காலில் மண்ணைத் தள்ளும்போதுதான் “இதுக்கு யாரு பர்மிஷன் குடுத்தது?” என்று நகராட்சி அலுவலகத்துக்கு ஓடுகிறோம். “எங்க கையில ஒண்ணும் இல்லீங்க, பிளான்லயே அப்படித்தான் இருக்கு” என்பார்கள். பல நேரங்களில் அது உண்மைதான்.

நகராட்சியின் கையில் ஏன் இல்லை? 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு உரிய 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் வரிசைப்படுத்தியது. நகரத் திட்டமிடல் முதலாவது. நிலப் பயன்பாட்டையும் கட்டுமானத்தையும் ஒழுங்குபடுத்துவது இரண்டாவது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு எட்டாவது. ஆனால் இவற்றில் எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலங்களின் முடிவுக்கே அந்தத் திருத்தம் விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இன்றும் ஆள்கிறது. சென்னைக்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ. மற்ற ஊர்கள் பலவற்றுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் கீழ் இயங்கும் உள்ளூர்த் திட்டக் குழுமங்கள். சில ஊர்களில் நகராட்சியே அந்தக் குழுமமாக இருப்பதும் உண்டு. எங்கே என்றாலும் கடைசி ஒப்புதல் மாநில அரசுடையது. வார்டு மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலரின் குரல், தன் வார்டின் வரைபடத்தில்தான் மிகவும் மெலிந்து கேட்கிறது. இது மாற வேண்டும் என்று நான் நம்புகிறேன். மாறும்வரை இருக்கிற வழியையாவது தெரிந்துவைத்திருப்போம்.

குழுமத்தின் முதல் வேலை முழுமைத் திட்டம். நம் பேச்சில் மாஸ்டர் பிளான். மக்கள்தொகை, போக்குவரத்து, குடிநீர் என்று தடித்த அறிக்கை ஒன்று இருக்கும். ஆனால் ஊரின் தலையெழுத்து அதோடு வரும் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் இருக்கிறது. குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை என்று ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம். திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அந்த நிறத்துக்கு மாறாக நிலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்காது. பச்சை மஞ்சளானால் என்ன ஆகும் என்பதை நிலத் தரகர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: அதுவரை ஏக்கரில் பேசிய விலை, மறுநாளே சதுர அடியில் பேசப்படும்.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் வந்தது. 1,189 சதுர கிலோமீட்டருக்குப் போட்ட திட்டம், இலக்காண்டு 2026. பெருநகரின் எல்லை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது. அடுத்த திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. நேற்றுவரை கிராமமாக இருந்த எத்தனையோ ஊர்களின் ஏரிகளும் கழனிகளும் அதன் வரைபடத்துக்குள் வரும்.

நீர்நிலை விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் ஏரி, குளம், வாய்க்கால் என்று பதிவான புறம்போக்கு நிலத்துக்குச் சட்டத்தின் காவல் உண்டு. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச்சட்டமே போட்டார்கள். ஆனால் கார்த்திகை மழையில் ஏரி நிரம்பித் தண்ணீர் பரவி நிற்கும் தாழ்வான நிலம் பெரும்பாலும் யாரோ ஒருவரின் பட்டா. பதிவேட்டில் அது வெறும் நஞ்சை, அல்லது புஞ்சை. வெள்ளம் வந்து நின்று போகும் இடம் என்று எந்தக் கலத்திலும் எழுதியிருக்காது. வரைபடம் போடும்போது அதை யாராவது சொல்லாவிட்டால் அதற்கும் மஞ்சள் விழுந்துவிடும். மழைக்காலத்தில் கரண்டைக் காலளவு தண்ணீரில் நிற்கும் புதுமனைகள் பலவும் முறையான அனுமதியோடு கட்டப்பட்டவைதான். எனக்கு இதுதான் பெரிய கவலை. விதிமீறலை இடிக்கலாம். விதிப்படியே கட்டிய தவறை என்ன செய்வது?

பள்ளிக்கரணைக் கழுவெளியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தென்சென்னையின் ஏரிகள் ஒன்றுக்கொன்று வழிந்து வந்து சேரும் தாழ்நிலம் அது. பெருங்குடிப் பக்கம் குப்பைக் கிடங்கு, குறுக்கே சாலைகள், சுற்றிலும் ஐ.டி. கட்டடங்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்தோம். 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியபோது பரப்பு 1,247 ஹெக்டேர். இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்தில்தான் சண்டை முழுவதும். ராம்சர் எல்லை எந்தெந்த சர்வே எண் வழியாக ஓடுகிறது என்பது தரையில் அளந்து முடிவாகாமலே கிடந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பு நிலத்தின் தாக்க மண்டலம் முடிவாகும்வரை அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி வழங்கக் கூடாது என்றது. பெரிய அடுக்ககங்களோடு, சிறு மனை வாங்கி வீடு கட்டக் காத்திருந்தவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். எல்லையை நேரத்தோடு வரைந்திருந்தால் அவர்கள் அந்த மனையை வாங்கும் முன்பே யோசித்திருப்பார்கள்.

வரைபடத்துக்குப் பிறகுதான் கட்டட விதிகள் வருகின்றன. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுவதற்கும் ஒன்று. எத்தனை மாடி, பக்கவாட்டில் எவ்வளவு இடம், சாலை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதில். 2003-லிருந்தே கட்டாயமான மழைநீர் சேகரிப்பும் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது இதைத்தான். உங்கள் நகரில் பூங்கா என்று பெயர்ப்பலகை மட்டும் நிற்கும் காலிமனை இருந்தால், அதன் தானப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். அது உங்கள் தெருவுக்குச் சொந்தமானது.

20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் ஒன்றிய அரசின் 2006 அறிவிக்கையின்படி தனியாகச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். கடற்கரைக்கு வேறு ஒழுங்காற்று விதிகள் இருக்கின்றன. இவையும் உள்ளூரில் போடப்படுபவை அல்ல.

அப்படியானால் ஊர்க்காரருக்கு எங்கேதான் இடம்? சட்டத்தின் 26-வது பிரிவில் இருக்கிறது. முழுமைத் திட்டத்தின் வரைவை அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவித்து, ஆட்சேபணைக்கு இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். நிலம் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. நேரில் சொல்ல விரும்புகிறேன் என்று கேட்டால் அதற்கும் வாய்ப்பு தர வேண்டும். அரசு ஒப்புதல் கொடுத்த பிறகு நிறத்தை மாற்ற 32-வது பிரிவில் தனித்தனி விண்ணப்பம்தான் வழி. தொடக்கத்தில் சொன்ன பொடி எழுத்து விளம்பரம் அந்த வகை.

“ஏரியைக் காப்பாற்றுங்கள்” என்று மட்டும் எழுதும் மனுவுக்குப் பொதுவான பதில்தான் வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பாருங்கள். நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தின் நகலை வாங்குங்கள். தண்ணீர் எந்த சர்வே எண்ணில் நுழைகிறது, எதில் நிற்கிறது, எந்தக் கலங்கல் வழியாக வெளியேறுகிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதுங்கள். சென்ற மழையில் எடுத்த படம் இருந்தால், தேதி போட்டு இணையுங்கள். மனுவைக் கொடுத்துவிட்டு, மறக்காமல் ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.