சந்திலே பேசுவதா, சபையிலே பேசுவதா?



ஆலை வாயிலிலே அறிவிப்புப் பலகை தொங்கும். நிர்வாகம் ஒட்டும், தொழிலாளி படிப்பான். பதில் எழுத அதிலே இடம் கிடையாது. இன்று அந்தப் பலகையின் இடத்திலே கைப்பேசிக் குழு வந்திருக்கிறது. பட்டறையானாலும் சரி, பணிமனையானாலும் சரி, கணினிக் கூடமானாலும் சரி, ஒரு குழு! காலம் மாறிவிட்டது என்று களிப்படைகிறோம். களிப்பு குற்றமல்ல. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வந்திருப்பது எல்லோரும் பேசும் சபையா? அல்லது பழைய பலகையேதான் சட்டைப் பைக்குள் வந்து அமர்ந்திருக்கிறதா?

சபை என்றால் என்ன? கடைசி வரிசையிலே நிற்பவனும் கேட்கலாம். கேட்டால் பதில் கிடைக்கும். கேட்டதற்காக அவன் வேலை போகாது. இந்த மூன்றும் இருந்தால்தான் சபை. ஒன்று குறைந்தாலும் அது வெறும் உத்தரவுச் சாவடி!

ஸ்லாக் என்ற கருவியின் கதையைப் பாருங்கள். டைனி ஸ்பெக் என்ற சிறு கம்பெனி, 'கிளிட்ச்' என்ற கணினி விளையாட்டை நடத்தி வந்தது. பணியாளர்கள் வெவ்வேறு நகரங்களிலே இருந்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்களே ஒரு கருவி செய்துகொண்டார்கள். 2012-இல் விளையாட்டு மூடப்பட்டது. பேச்சுக் கருவி பிழைத்தது! 2014-இல் ஸ்லாக் என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. 2021-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் சுமார் 2,770 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. எதற்காக இத்தனை விலை? வேலை ஒவ்வொன்றுக்கும் அதிலே ஒரு பொது அறை உண்டு, சேனல் என்பார்கள். பிறகு வருபவனும் முன்பு பேசியதைப் படிக்கலாம். நேற்றுச் சேர்ந்த தம்பிக்கும், பல்லாண்டு பழகிய அண்ணனுக்கும் ஒரே ஏடு விரிந்து கிடக்கும்.

ஏடு விரிந்து கிடந்தால் போதுமா? மறைத்துப் பேசுவதனால் வரும் கேட்டையும், திறந்து பேசுவதனால் வரும் நன்மையையும் ஒரே நிகழ்ச்சியிலே காட்டுகிறேன், கேளுங்கள்.

கிட்லேப் என்று ஒரு கம்பெனி. மென்பொருள் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் அது. பணியாளர்கள் பல நாடுகளிலே, அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். தனிச் செய்தி வேண்டாம், பொது அறையிலே கேள் என்பது அங்கே எழுதிவைத்த வழக்கம். 2017 ஜனவரி 31 அன்று இரவு வெகுநேரம் விழித்து வேலை பார்த்த பொறியாளர் ஒருவர், தவறான கணினியிலே அழிப்பு ஆணையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு வினாடியிலே நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவு போய்விட்டது. போகட்டும், நகல் இருக்குமே என்று தேடினார்கள். ஐந்து வகை ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பத்தக்க நிலையில் இல்லை!

ஏன் இல்லை? நகல் எடுப்பது தோற்றுப்போகிறது என்ற எச்சரிக்கை மின்னஞ்சலாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெறும் முனை அந்த அஞ்சலை ஏற்க மறுத்துத் தள்ளியது. எச்சரிக்கை இருந்தது, காண ஒரு கண்ணில்லை! மூடிய பெட்டிக்குள் போன சேதிக்கு இதுதான் கதி.

அதன்பின் அவர்கள் செய்தது என்ன? மூடி மறைக்கவில்லை. மீட்பு வேலையின் குறிப்பேட்டை உலகமே படிக்கத் திறந்து வைத்தார்கள்; யூடியூப்பிலே நேரலையாகக் காட்டினார்கள். ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த நகல் ஒன்று கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத் தரவு மட்டும் மீளவில்லை. பிறகு வந்த அறிக்கையிலே, தவறிய பொறியாளரின் பெயரே இல்லை. ஆளைத் தூக்கிலிடாமல், ஏற்பாட்டின் ஓட்டையைத் தேடினார்கள். தவறைச் சொன்னால் தலை போகாது என்ற உறுதி இருக்கும் இடத்திலேதான் உண்மை வாய் திறக்கும்!

இனி நம் குழுக்களுக்கு வருவோம். 2018-இல் வாட்ஸ்அப் ஒரு பூட்டுக் கொடுத்தது. நிர்வாகி மட்டுமே பேசலாம், மற்றவர் படிக்கலாம் என்ற பூட்டு. அவசர அறிவிப்புக்கு அது தேவைதான். ஆனால் எந்நாளும் பூட்டியே கிடக்கும் குழு எப்படிச் சபையாகும்? நம் கிளைக் குழுக்களிலேயே செயலாளர் எழுதுகிறார், மற்றவர் கட்டைவிரலைக் காட்டுகிறார். கட்டைவிரல் கருத்தாகுமா?

இரவு ஷிப்ட் தோழன் உறங்கும் வேளையிலே பத்துப் பேர் பேசி முடிவெடுத்தால், அது பத்துப் பேர் முடிவு. அவன் விழித்துப் படித்துப் பதில் சொல்லும்வரை முடிவு காத்திருக்கட்டும். ஆங்கிலம் அறியாதவன் தமிழிலே எழுதட்டும். எழுதத் தயங்குபவன் குரலிலே சொல்லட்டும். ஓய்வு நேரத்திலே பதில் கேட்டுத் துளைப்பது உரையாடலல்ல, ஊதியமில்லா வேலை! பிரான்சு நாட்டிலே 2017 முதலும், ஆஸ்திரேலியாவிலே 2024 முதலும் இதற்குச் சட்டக் காப்பு உண்டு.

எச்சரிக்கையும் வேண்டும். கம்பெனி கொடுத்த கருவியின் சாவி கம்பெனி கையிலே. அதிலே தனிச் செய்தி என்று நீங்கள் நம்புவதையும் உரிமையாளர் எடுத்துப் படிக்க வழி உண்டு. வேலையைப் பற்றிய கேள்வியை அங்கே துணிந்து கேளுங்கள். சங்கத்தின் ஆலோசனையைச் சங்கத்தின் கூடத்திலே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் நோயும், ஒரு பெண்ணின் புகாரும் பொது அறைக்கு உரியவை அல்ல. அவற்றைப் பொதுவிலே இழுப்பது திறந்த மனமல்ல, கொடுமை.

குழு வந்துவிட்டதே, இனிக் கமிட்டி எதற்கு என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். நூறு பேருக்குக் குறையாத ஆலையிலே, நிர்வாகத்துக்குச் சளைக்காத எண்ணிக்கையிலே தொழிலாளர் அமரும் பணிக்குழுவுக்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அதற்கு இடம் உண்டு. திரையிலே கேட்ட கேள்வி, மேசையிலே பதிலாக மாற வேண்டும்.

ஆகவே தோழர்களே, உங்கள் குழுவை இன்றே சோதித்துப் பாருங்கள். ஒரு மாதமாக வாய் திறக்காதவர் யார்? கேட்டும் பதில் பெறாதவர் யார்? அஞ்சி அடங்கியவர் யார்? அவர்களை முதலிலே பேசச் சொல்லுங்கள். அவர்கள் குரல் எழும் நாளிலேதான் அது சபை!