தறிப் பஞ்சும் கிராபிக்ஸ் கார்டும்

மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், திருச்செங்கோட்டில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு ரிப்பேருக்கு வருகிறவர்களைவிட யோசனை கேட்க வருகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். பையன் முன்னால் நிற்பான், அப்பா பின்னால் நிற்பார். “ஏனுங்ண்ணா, ஆர்டிஎக்ஸ் போட்ட லேப்டாப்புல எது நல்லாருக்கும்?” என்பான் அவன். “காலேஜுக்கும் ஆவோணும், இவன் கேம் ஆடறதுக்கும் ஆவோணுமாம். பாத்துச் சொல்லுங்க தம்பி” என்பார் அவர். அது தறி ஓட்டியோ லாரி ஓட்டியோ சேர்த்த பணமாக இருக்கும். மீதி மாதத் தவணை. அதனால் நான் அவசரப்பட்டு எந்த மாடல் பெயரையும் சொல்வதில்லை. முதலில் அவனைத்தான் கேட்பேன்: “என்ன கேம் ஆடுவ? எங்க உக்காந்து ஆடுவ?”

சாதாரண ஃபுல் எச்டி திரையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. கேம் ஓடும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று வினாடிக்கு 60 தடவையாவது கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவதுதான் கிராபிக்ஸ் சிப்பின் வேலை. பெரும்பாலான லேப்டாப்புகளில் பிராசஸருக்குள்ளேயே சின்ன அளவில் ஒன்று இருக்கும். அதற்கென்று தனி மெமரி கிடையாது, ராமில் பங்கு கேட்கும். 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வைஸ் சிட்டி கேம் ஓட்டியது அப்படிப்பட்ட சிப்பில்தான்.

இன்றைய உள் சிப்புகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. வேலோரண்ட் மட்டும் ஆடுகிறவனுக்கு இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ, ஏஎம்டி ரேடியான் 680எம், 780எம் போன்றவையே போதும். சொந்த மெமரியோடு வரும் தனி கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தச் சிப்புகளுக்கு ராம் இரண்டு சேனலில் இருக்க வேண்டும். 16 ஜிபி ஒரே துண்டாக இருப்பதைவிட 8 ஜிபி இரண்டாக இருப்பது நல்லது. ஒற்றை ராம் போட்ட லேப்டாப்பில் ஐரிஸ் சிப்பைச் சாதாரண யுஎச்டி சிப் என்றுதான் விண்டோஸ் காட்டும். வேகமும் அதற்கேற்ப இறங்கிவிடும். 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் கையைக் கடிக்கும்.

சைபர்பங்க், பிளாக் மித் வூகாங் மாதிரி கேம்தான் ஆடுவேன் என்றால் தனிக் கார்டு வேண்டும். 2021-ல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 லேப்டாப் கார்டு முதலில் 4 ஜிபி மெமரியோடு வந்தது. 2023-ல் வந்த 4050-க்கு 6 ஜிபி. 4060-க்கும் அதற்குப் பின் வந்த 5050, 5060-க்கும் 8 ஜிபி. 2024-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் குறைந்தபட்சமே 8 ஜிபி கார்டு கேட்கிறது. நான்கு வருடப் படிப்பு முடியும்வரை வைத்து ஓட்டப்போகிற பொருள் என்பதால் 4 ஜிபி கார்டை இன்று யாருக்கும் நான் சொல்வதில்லை.

ஆனால் கார்டின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும் என்று நினைக்கிறேன். ஒரே 4050 கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவுக்கு வேண்டுமானாலும் கட்டுப்படுத்தி லேப்டாப் கம்பெனிகள் பொருத்தலாம். மெல்லிசான உடம்பில் குறைந்த வாட்டில் ஓடுவதும், தடிமனான உடம்பில் நூறு வாட்டுக்கு மேல் ஓடுவதும் ஒரே பெயரில், ஒரே ஸ்டிக்கரோடு கடையில் நிற்கும். குறைந்த வாட்டில் ஓடும் பெரிய கார்டை முழு வாட்டில் ஓடும் சின்னக் கார்டு முந்திவிடுவதும் உண்டு. கடையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பிலேயே இதைப் பார்த்துவிடலாம். என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, கீழே இடது மூலையில் இருக்கும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் தட்டினால் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று காட்டும். கூடவே அடாப்டரையும் கையில் வாங்கிப் பாருங்கள். கார்டு 100 வாட் என்று சொல்லிவிட்டு 120 வாட் அடாப்டர் கொடுத்தால் கணக்கு உதைக்கும். பிராசஸருக்கும் திரைக்கும் கரண்ட் எங்கிருந்து வரும்?

“எட்டு ஜிபி கிராபிக்ஸ்” என்று விற்பனையாளர் சொன்னால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். டெடிகேட்டட் என்ற வரியில் இருப்பதுதான் கார்டின் சொந்த மெமரி. ஷேர்டு என்பது ராமிலிருந்து கடன் வாங்குவது.

எங்கே உட்கார்ந்து ஆடுவாய் என்று கேட்பதற்குக் காரணம் எங்கள் ஊர் வெயில். பெரும்பாலான லேப்டாப் கையேடுகளில் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். சேலத்தில் ஏப்ரல், மே பகலில் 40 டிகிரி வாடிக்கை. சிமென்ட் ஷீட் போட்ட வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் கருகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கார்டும் தன் அளவில் அப்படித்தான் செய்யும். ஏசி அறையில் சோதித்துப் போடும் வீடியோவில் வரும் எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பள்ளிபாளையத்து மத்தியானத்தில் வராது.

அதோடு பஞ்சும் சேர்ந்துகொள்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறி ஓடும் கொட்டகையும் வீடும் ஒரே சுவர். அங்கிருந்து வரும் கேமிங் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் இறக்கைகளில் அவ்வளவாகத் தூசி இருக்காது. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே பார்க்க வேண்டும். உள்ளே இழுத்த காற்றோடு வந்த நூல் பஞ்செல்லாம் அங்கேதான் படிந்து, கம்பளித் துண்டுபோல இறுகிக் கிடக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் அப்படியே ஒரே பட்டையாக வரும். “கார்டு போயிருச்சுங்ண்ணா, கேம் திக்குது” என்று கொண்டுவருவார்கள். கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது மூச்சுவிட வழியில்லாமல் கிடந்திருக்கும். பட்டையை எடுத்துவிட்டு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தால் பழைய வேகம் திரும்பிவிடும். நாமக்கல்லில் கோழித் தீவன மில் பக்கத்திலிருந்து வருபவற்றில் பஞ்சுக்குப் பதில் தவிட்டுத் தூசி.

ஆகவே இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்வது: மெல்லிசு, அழகு என்று போகாதீர்கள். இரண்டு ஃபேன், பின்புறமும் பக்கவாட்டிலும் அகலமான காற்று வழி, சாதாரண ஸ்க்ரூவில் கழற்றக்கூடிய அடிமூடி, ராமுக்கு இரண்டு ஸ்லாட் இதெல்லாம் இருக்கட்டும். எடை இரண்டரைக் கிலோ இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். திரையில் 144 ஹெர்ட்ஸ் என்பதோடு நிறத்தையும் கேளுங்கள். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி இருந்தால் படம் வெளிறாது. ஸ்டெபிலைசர் வேண்டாம், அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

வீட்டை விட்டு எங்கும் எடுத்துப்போகாதவனுக்கு அதே காசில் டெஸ்க்டாப்தான் நல்லது. உள்ளே சூடாவதும் குறைவு, கார்டையும் பின்னால் மாற்றலாம். ஹாஸ்டலுக்குப் போகிறவன் லேப்டாப் வாங்கட்டும்.

பில் போடும்முன் கார்டு எத்தனை ஜிபி, எத்தனை வாட் என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தறி வீடாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். வாரண்டி இருக்கும்வரை அதைக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்துகொள்ளுங்கள். வாரண்டி முடிந்த பிறகு எங்களிடம் வாருங்கள்.